மேஜரின் இடது காது

கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் பக் நாய் ஸ்டூலிலிருந்து துள்ளிக் கீழே குதித்தது.

"ஷட்டர்! ஷட்டர்!"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தங்கதுரை கத்திக்கொண்டே பாய்ந்து எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. உடைந்தது என்ன, உடைத்தது யார் என்று அவன் பார்க்கவேயில்லை. வாசலுக்கு ஓடி, ஷட்டரைப் பிடித்து ஒரே இழுப்பில் தரைவரை இறக்கினான். தெரு வெளிச்சம் போய், ஸ்டுடியோ விளக்கின் வெள்ளை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

பக் நாய் மேசைக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது.

"அய்யோ, என்றெ அம்மு!" என்று அதன் சொந்தக்காரி, பள்ளுருத்தி டீச்சர், தரையில் மண்டியிட்டாள்.

உடைந்த கண்ணாடிக்கு நடுவே நின்றிருந்தவள் தங்கதுரையின் தங்கை பொன்மணி. வலது கெண்டைக்காலில் கட்டு. அந்தக் காலோடு பஜார் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அவள் தரையில் வீசியடித்த பிரேமில் ஒரு அல்சேஷன் நாய் இரண்டு காதுகளையும் விறைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"நல்லாப் பாருங்க ரெண்டு பேரும். உங்க கைவேலைதானே? எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட படம்!"

தங்கதுரையின் மனைவி ரோஜா கேமராவைக் கீழே வைத்தாள்.

"பொன்மணி, கையில ரத்தம் வருது."

"வரட்டும் மதினி. கால்ல வந்ததையே ஒருத்தரும் நம்பலை."

ரோஜா கணவன் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி கையில ரத்தம் ஒழுகுது. நீங்க ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"நாய் வெளியில ஓடிருமில்ல?" என்றான் தங்கதுரை.

"அது மேசைக்கடியில கெடக்கு. மொதல்ல பஞ்சை எடுங்க."

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு வரச் சொல்லி, ஷட்டரைத் தூக்கிவிட்டு, அம்முவை அவள் கையில் கொடுத்து அனுப்பி வைத்தாள் ரோஜா. டீச்சர் போகிற போக்கில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மு திரும்பவே இல்லை.

போர்டில் 'ரோஜா ஸ்டுடியோ' என்றுதான் எழுதியிருக்கிறது. மட்டாஞ்சேரியில் அதை அந்தப் பெயரால் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. மலையாளத்தில் நாய்க்குப் பட்டி. 'பட்டி ஸ்டுடியோ எவிடெ?' என்று கேட்டால் சாயாக்கடைக்காரர் கை நீட்டிக் காட்டுவார். பாஸ்போர்ட் படம் எடுக்க ஆள் வருவது நின்றபோது, நாய்கள் வந்து அந்தக் கடையைக் காப்பாற்றின.

படம் எடுப்பது ரோஜா. திருத்துவது தங்கதுரை. கண்ணுக்குக் கீழே வழிந்த கறை, வாயோர எச்சில், வயசான நாய்க்கு நரைத்த தாடி, எல்லாவற்றையும் அவன் துடைத்துவிடுவான். முக்கியமாகச் சங்கிலியை. எந்த நாயும் ஸ்டூலில் சும்மா உட்காராது. பக்கத்தில் நின்று ஒரு ஆள் சங்கிலியைப் பிடித்திருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் தங்கதுரைதான். எடுக்கிற படத்திலெல்லாம் அவன் கை இருக்கும். வாடிக்கையாளர் வீட்டுச் சுவருக்குப் போகிற படத்தில் இருக்காது.

போன புதன்கிழமை நடந்தது இது. மிளகு, சுக்கு மொத்த வியாபாரி ராமபத்ரனின் நாய் மேஜரைக் காலையில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். இடது காது நுனியிலிருந்து பாதிவரை கிழிந்து, இரண்டாகப் பிளந்து நின்றது. ஏதோ பழைய சண்டை. 'காதை மட்டும் சரி பண்ணிடுங்கோ' என்று முன்பே சொல்லியிருந்தார் ராமபத்ரன். அது வழக்கமான வேலைதான். படம் எடுத்து முடித்த கையோடு, மேஜரைத் தங்கதுரையிடம் விட்டுவிட்டு ரோஜா தேவராவுக்குக் கிளம்பிப்போனாள். அங்கே ஒரு வீட்டில் குட்டிபோட்ட லாப்ரடாரைப் படம் எடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம், ராமபத்ரனின் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற பொன்மணி பின்சந்தில் நடந்து வரும்போது ஒரு அல்சேஷன் அவள் காலைக் கவ்வியது. பிளந்த காதை அவள் கண்ணால் பார்த்தாள். முதலாளியிடம் போய்ச் சொன்னாள். என் நாய் இல்லை என்றார் அவர். மறுநாளே மேஜரைக் கும்பளங்கியில் தம்பியின் இறால் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்.

நாய் போய்விட்டது. ஊரில் மிஞ்சியது அதன் படம் ஒன்றுதான்.

"அந்தப் படத்தை ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்காரு மதினி," என்றாள் பொன்மணி. ரோஜா அவள் உள்ளங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். "பொம்பளைங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, 'என் நாய்க்குக் காது கிழிஞ்சிருக்கா, பாருங்கோ'ன்னு கேக்காரு. எல்லாருக்கும் கண்ணு இருக்குல்ல? பாக்காங்க. ரெண்டு காதும் முழுசா இருக்கு. அப்புறம் என்னைப் பாக்காங்க."

"யாரும் எதுவும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. நுணச்சின்னாங்க. பொய்க்காரியாம்! எம் பக்கத்துல உக்காந்து சுக்கு பொறுக்குறவ, எங்கிட்ட சோறு வாங்கித் தின்னவ, அவளே சொல்லுதா!"

"யூனியன்ல யூசுப் அண்ணன் இல்ல?"

"இருந்தாரு. படத்தைப் பாத்துட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. சாயா நேரத்துக்குள்ள எல்லார் முன்னாலயும் நின்னு, 'தெருநாய்தான் கடிச்சுது, நான் மாத்திச் சொல்லிட்டேன்'னு சொல்லணுமாம். சொன்னா வேலை இருக்கும். இல்லாட்டி நாளையிலருந்து கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதாம்."

"நீ என்ன சொன்ன?"

"சுவத்துலருந்து படத்தைக் கழட்டிக்கிட்டு வந்துட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் ரோஜா சிரித்திருப்பாள்.

"ஏங்க, அன்னைக்கு எடுத்த ஒரிஜினலை எடுங்க. ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டுப் போவோம். அஞ்சு நிமிஷ வேலை."

தங்கதுரை விழுந்த நாற்காலியை நிமிர்த்தினான். உட்காரவில்லை.

"அது இல்ல."

"எது இல்ல?"

"ஒரிஜினல். டிஸ்க் நிறைஞ்சு போச்சு. அழிச்சுட்டேன்."

"கேமரா கார்டு?"

"அதையும்தான்."

ரோஜா அவனையே பார்த்தாள். "செத்துப்போன நாய் படத்தையெல்லாம் சொந்தக்காரங்க கேப்பாங்கன்னு பத்திரமா வெச்சிருக்கிற ஆளு நீங்க. நாம கல்யாணத்துக்கு முன்னாடி படகு ஜெட்டியில எடுத்த சொறிநாய் படம் இன்னும் அதுல இருக்கு. மேஜர் படத்துக்கு மட்டும் இடம் இல்லாமப் போச்சா?"

"வேணும்னேவா அழிச்சேன்? தெரியாம ஆயிருச்சு."

"அண்ணே," என்றாள் பொன்மணி. "படத்தை எப்போ பிரேம் போட்டுக் குடுத்தீங்க?"

"நேத்து."

"என்னைக் கடிச்சது புதன்கிழமை."

"கஸ்டமர் முன்னாடியே சொன்ன வேலை பொன்மணி. காதைச் சரி பண்ணச் சொன்னாரு. பண்ணினேன். அதை வெச்சு அவரு இப்படிச் செய்வாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதா?" ரோஜாவின் குரல் உயர்ந்தது. "அவ உங்க கண்ணு முன்னாலதானே ஊசி போட்டுட்டு வந்து படுத்தா? பிளந்த காது, பிளந்த காதுன்னு எத்தனை தடவ சொன்னா? அதைக் கேட்டுக்கிட்டே, அதே கையால அந்தக் காதை ஒட்ட வெச்சிருக்கீங்க!"

"கத்தாத. ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

"கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? படத்தைத் திருத்திட்டு வெளியில போய்ச் சொல்லுற கடைன்னு பேராயிரும். நாளைக்கு எந்த நாய்க்காரன் இங்க வருவான்? ராமபத்ரன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கொச்சியில ஒருத்தன் நம்மகிட்ட வரமாட்டான்." அவன் மூச்சு வாங்கினான். "நாயைக் கடையிலருந்து மதியமே டிரைவர் வெங்கிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் அவங்க வீட்டுல கேட்டைத் தொறந்து விட்டாங்களோ என்னமோ. நாம எதுக்கு அதுல தலையைக் குடுக்கணும்? ஒரு வார்த்தைதானே பொன்மணி. சொல்லிட்டு வேலையப் பாரேன்."

பொன்மணி அண்ணன் முகத்துக்கு நேரே திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் பொய்க்காரின்னு நானே சொல்லணுமா அண்ணே?"

தங்கதுரை தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தான்.

ரோஜா குனிந்து பிரேமை எடுத்தாள். சில்லுகளை உதறிவிட்டு, சட்டத்திலிருந்து படத்தை உருவி விளக்கடியில் பிடித்தாள். மேஜர் அவளை நேருக்கு நேராகப் பார்த்தது. படம் எடுத்த அன்று அதன் வலது காது நுனியில் பழுப்பு மயிர்க் கொத்து ஒன்று குத்திட்டு நின்றது. விரலில் தண்ணீர் தொட்டு அமுக்கிப் பார்த்தாள். படியவில்லை. போகட்டும் என்று அப்படியே எடுத்தாள்.

அவள் பார்வை வலது காதிலிருந்து இடது காதுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல. உங்க அண்ணன் அவசரத்துல வேலை பாத்திருக்காரு." ரோஜா படத்தைச் சுருட்டினாள். "நட. சாயா நேரம் ஆகப் போகுது."

"ரோஜா, வேண்டாம்!" தங்கதுரை வாசலை மறித்தான்.

"ஷட்டரை இன்னொரு தடவ இறக்கிப் பாருங்க," என்றாள் ரோஜா.

அவன் விலகினான்.

கிடங்கில் சுக்குத் தூசி வெயிலில் மிதந்தது. பெண்கள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருத்தி தும்மினாள். யூனியன்காரர் யூசுப் பெஞ்சில் உட்கார்ந்து கையிலிருந்த சாயாவைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

ராமபத்ரன் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். சந்தனக் கலர் ஜுப்பா, கையில் கார் சாவி.

"திருடிண்டு போனவளே திருப்பிக் கொண்டு வந்துட்டாளாக்கும். பிரேம் எங்கே? உடைச்சாச்சா?"

"உடைச்சேன்," என்றாள் பொன்மணி.

"கேட்டுக்கோ யூசுப். இவளுக்கு வேண்டித்தான் நீ வக்காலத்து வாங்கறே." ராமபத்ரன் ரோஜாவைப் பார்த்தார். "நீயே சொல்லு. இது நீ எடுத்த படம்தானே?"

"நான் எடுத்த படம்தான். என் வீட்டுக்காரர் திருத்தின படம்."

பெண்களுக்குள் சலசலப்பு.

"திருத்தினதா? எதைத் திருத்தினது? நாய்க்குப் பவுடர் போட்டேளா?" ராமபத்ரன் சிரித்தார். இரண்டு பெண்கள் கூடச் சிரித்தார்கள்.

"இடது காது கிழிஞ்சிருந்துச்சு. நான் பாத்தேன். நீங்க சரி பண்ணச் சொன்னீங்க."

"நான் சொல்லலை. அத்தாட்சி உண்டா?"

யூசுப் தலையை நிமிர்த்தினார். "ரோஜா, நீ அவளுக்கு மதினியாக்கும். உன் வாய்ப்பேச்சை நான் எப்படி எடுத்துக்க? அந்த ஒரிஜினல் போட்டோ இருந்தாக் காட்டு. இந்த நிமிஷம் நான் பொன்மணி பக்கம் நிப்பேன்."

"ஒரிஜினல் அழிஞ்சு போச்சு யூசுப் அண்ணே."

ராமபத்ரன் கையை விரித்தார். அவ்வளவுதான் என்பது போல.

"ஆனா இந்தப் படமே போதும். இங்க வாங்க எல்லாரும். கிட்ட வாங்க. காலையில வரிசையா நின்னு பாத்தீங்களே, இப்போ நான் காட்டுறதைப் பாருங்க."

படத்தை விரித்துப் பிடித்தாள். "வலது காது நுனியில ஒரு மயிர்க் கொத்து நிக்குது, தெரியுதா? இப்போ இடது காதைப் பாருங்க."

நுணச்சி என்று சொன்னவளே முதலில் குனிந்து பார்த்தாள். "இங்கயும் நிக்குதே," என்றாள் மெதுவாக.

"எந்த நாய்க்காவது ரெண்டு காதிலயும் மயிர் ஒரே மாதிரி பறக்குமா? இது இடது காது இல்ல. வலது காதை எடுத்து, திருப்பி, இந்தப் பக்கம் ஒட்டியிருக்கு. அவசரத்துல நுனி மயிரைக்கூட மாத்தலை."

"வாயிலே வர்றதையெல்லாம்..." என்று ஆரம்பித்தார் ராமபத்ரன்.

ரோஜா காத்திருக்கவில்லை. மேஜரின் மூக்குக்கு நேராக, மேலிருந்து கீழாகப் படத்தை இரண்டாக மடித்தாள். நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பளபளப்பான தாளில் நாயின் முகத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தது. அவள் கையால் எடுத்த படம். இந்த வருஷம் எடுத்ததிலேயே நல்ல படம்.

மடித்த தாளை ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்க யூசுப் அண்ணே."

யூசுப் சாயாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு பார்த்தார். வெயிலில் இரண்டு காதுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே காதாக நின்றன. ஓரத்தில் ஒரு மயிர்கூடப் பிசகவில்லை. பறந்து நின்ற கொத்துகூட ஒன்றாகவே தெரிந்தது.

தாளைக் கையில் வாங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு ராமபத்ரனிடம் நீட்டினார்.

"நல்ல காதை எதுக்கு மொதலாளி ஒட்டுப் போடச் சொன்னீங்க?"

வாசலில் யாரோ செருமினார்கள். ரோஜா திரும்பினாள். தங்கதுரை. பின்னாலேயே நடந்து வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ராமபத்ரன் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சரி. என் நாயாகவே இருக்கட்டும். அவிழ்ந்து ஓடித்து. அதுக்கு நான் என்ன பண்ண?"

"இவ பொய் சொல்லலைன்னு சொல்லுங்க," என்றாள் ரோஜா.

"அதான் சொன்னேனே."

"அவகிட்டச் சொல்லுங்க."

ராமபத்ரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நீ சொன்னது சரிதான்," என்றார்.

"சத்தமா மொதலாளி," என்றாள் பொன்மணி. "காலையில எல்லாருக்கும் கேக்குற மாதிரிதானே நுணச்சியாக்கினீங்க? அதே சத்தத்துல."

யூசுப் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்கு இந்தக் கிடங்கில் ஒரு அர்த்தம் உண்டு. அதற்கு அடுத்தது வேலைநிறுத்தம்.

"பொன்மணி பொய் சொல்லலை!" என்று கத்தினார் ராமபத்ரன். "போதுமா? நாளைக்கு வேலைக்கு வா!"

பொன்மணியின் கண் கலங்கியது. அழவில்லை. காலைத் தாங்கித் தாங்கி ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"வர்றேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த நாயை வெளியில விட்டது யாரு?"

"பொன்மணி, போதும்." தங்கதுரை வேகமாக உள்ளே வந்தான். "அதான் எல்லாம் சரியாப் போச்சுல்ல? வா, வீட்டுக்குப் போவோம். ரோஜா, நீயும் கிளம்பு. ஜெயிச்சாச்சு. இனி எதுக்குப் பேச்சு?"

ரோஜா அவனை வியப்போடு பார்த்தாள். தங்கைக்காக ஒரு அடி நகராத மனிதனுக்கு இப்போது என்ன இவ்வளவு அவசரம்?

"அவ கேக்கட்டும்," என்றாள். "கடிபட்டவ கேக்குறா."

ராமபத்ரனுக்குக் கோபத்தை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. "வெங்கிட்டு! டேய் வெங்கிட்டு! இங்கே வாடா!"

முற்றத்தில் கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஈரத்துணியோடு ஓடி வந்தான். பாலக்காட்டிலிருந்து அவரோடு கூடவே வந்தவன்.

"இவன்தான்! நாயைக் கொண்டுபோறதும் இவன், கொண்டுவர்றதும் இவன், கேட்டைப் பூட்டறதும் இவன். அன்னிக்கு ஸ்டுடியோவிலேருந்து நாயைக் கொண்டுவந்து, கேட்டைப் பூட்டாமே விட்டிருக்கான். எனக்கு இத்தனை பேர் முன்னாடி தலைகுனிவு!" அவர் சாவியை மேசையில் அடித்தார். "இப்பவே கணக்கைத் தீத்துண்டு ஊருக்குப் போ. நாளைக்கு உன் முகத்தைப் பாக்கப்படாது."

வெங்கிட்டுவின் முகம் வெளுத்தது. கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் ராமபத்ரனைப் பார்க்கவில்லை. வாசலுக்கும் சுக்குக் குவியலுக்கும் நடுவே நின்றிருந்த தங்கதுரையைப் பார்த்தான்.

தங்கதுரை யாருக்கும் தெரியாமல் தலையை இலேசாக அசைத்தான். வேண்டாம் என்று.

ரோஜா அதைப் பார்த்துவிட்டாள்.

"சொல்லு வெங்கிட்டு," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "மதியமே வந்து மேஜரைக் கூட்டிக்கிட்டுப் போனியாமே. அப்புறம் கேட்டைப் பூட்டலையா?"

"மதியமா? ஆரு சொன்னா மதியம்னு?" வெங்கிட்டு ஈரத்துணியை உதறினான். "வேலை போறப்போ இனி நான் ஆருக்கு வேண்டி வாயைப் பொத்திக்கணும்? நான் கொண்டுபோக வந்தது சாயங்காலமாக்கும் சேச்சி. ஷட்டர் விரியத் திறந்து கெடந்தது, உள்ளே நாயே இல்லை. உங்க ஆத்துக்காரர் வெறும் சங்கிலியைக் கையிலே பிடிச்சுண்டு நின்னார்."